விரல் வைக்கிற இடம்

பட்டனைத் தொட்டது அவரு விரல். என் விரலா? பக்கத்து சீட்டுல இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் அப்ப கோவில்பட்டில கடைல உக்காந்திருந்தேன். அவரு எட்டயபுரத்துல ஏதோ லாரி ஷெட்டுக்குப் பின்னாடி நின்னு, தன் போனைத் தானே தொட்டிருக்காரு. அதுக்கு அந்தக்கா என் முன்னாடி வந்து நின்னு அழுதா நான் என்ன செய்ய முடியும்?

முதல்ல அந்தக் கடலைமிட்டாய் பாக்கெட்டை அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க. இல்ல இல்ல, நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேண்டாம். பின்னாடி கட்டம் கட்டமா ஒரு படம் இருக்குல்ல? போனைக் காட்டினா கம்பெனி வெப்சைட்டு திறக்கும். அந்த வெப்சைட்டு ஜெபக்கனி செஞ்சது. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். மறைச்சு என்ன ஆகப்போகுது, எரியும்.

என் பேரு காசிராஜன். பன்னெண்டாவது பாதியில நின்னுட்டேன். பெயிலாகி நிக்கல, நானா நின்னேன். ரெண்டும் வேற. எங்க வீட்டுலதான் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுவாங்க. ஒன்றரை வருஷமா பொன்னுராஜ் சார் கடைல வேலை பாக்கேன். கடைக்காரங்க, டாக்டருங்க, ஸ்கூல்காரங்க வந்து கேட்டா வெப்சைட்டு செஞ்சு குடுக்கிற கடை. முதல்ல சேந்தது நான். ஆறு மாசம் கழிச்சுத்தான் ஜெபக்கனி வந்தா. பாலிடெக்னிக் முடிச்சவ. என்னைவிட மூணு வயசு கூட. அக்கான்னு கூப்பிடச் சொன்னாரு சார். நான் கூப்பிடல. முதல்ல வந்தவன் நான், நான் எதுக்கு அக்கான்னு கூப்பிடணும்?

எங்க கடைல ஒரு பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் சார் வெள்ளைப் போர்டுல ரெண்டு எண் எழுதுவாரு. வெப்சைட்டுக்கு அடியில சின்னச் சின்ன வட்டமா பட்டன் இருக்குமே, தொட்டா உங்க ஆளுங்களுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பலாம்னு, ஷேர் பட்டன், அதை அந்த வாரம் எத்தனை பேரு தொட்டாங்கங்கிற எண். ஜெபக்கனி சைட்டுக்கு எத்தனை, என் சைட்டுக்கு எத்தனை. யாருக்குக் கூடுதலோ அவங்களுக்கு அடுத்த வாரம் ஒண்ணாம் நம்பர் மெஷின். ஜன்னல் பக்கம், பெரிய ஸ்கிரீன், மேல ஃபேன். வர்ற கஸ்டமரு முதல்ல அங்க உக்காந்திருக்கிறவங்ககிட்டதான் பேசுவாங்க. ரெண்டாம் நம்பர் மெஷின் பாத்ரூம் கதவை ஒட்டி. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தா கரெக்டா இருக்கும்.

சார் அவளுக்குக் குடுத்தது கடலைமிட்டாய் கம்பெனி. எனக்குக் குடுத்தது என்னன்னு நினைக்கீங்க? குழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்கிற ஒரு டாக்டரம்மாவோட ஆஸ்பத்திரி.

முதல் சனிக்கிழமை அவளுக்கு இருநூத்தி எண்பது. எனக்கு ஜீரோ. ரெண்டாவது சனிக்கிழமை அவளுக்கு முன்னூத்திப் பன்னெண்டு. எனக்கு ஜீரோ. மூணாவது வாரம் எனக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நான்தான்.

இத்தனைக்கும் என் சைட்டுதான் நல்லாருக்கும் அண்ணாச்சி. அவ சைட்டுல மிட்டாய் மேல இருந்து கொட்டுற மாதிரி ஒரு வேலை பண்ணி வச்சிருக்கா, சின்னப்புள்ளத்தனமா. ஊரே அதை அனுப்புது. வெளிநாட்டுல இருக்கிறவனுக்கெல்லாம் அனுப்புறான். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் படம் வச்சு, தலைப்பு வச்சு, லிங்க் அனுப்பினா அந்தப் படமும் தலைப்பும் பெருசாத் தெரியற மாதிரியெல்லாம் செஞ்சு வச்சேன். ஒரு பய தொடல.

"சார், மாத்திக் குடுங்க. மிட்டாய நான் பாக்கேன், ஆஸ்பத்திரிய அவ பாக்கட்டும்"னு கேட்டேன்.

அவ அங்கேருந்து சிரிக்கா. "லேய் காசி, உனக்கு மூளை எங்க இருக்கு? எனக்குப் பிள்ளை இல்ல, வைத்தியம் பாக்கப் போறேன்னு எவளாவது ஊருக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுப்பாளா? உன் சைட்டுக்கு ஜீரோதான் வரணும். ஜீரோ வந்தாத்தான் அது நல்ல சைட்டு."

பாத்தீங்களா? ஜெயிக்கிறவளுக்கு எப்படி வேணா பேசலாம்.

அதோட விட்டாளா? ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. "காசி, ஆஸ்பத்திரி சைட்டுல இருந்து அந்த வட்டப் பட்டன் எல்லாத்தையும் எடுத்துரு"ன்னா.

"ஏன்?"

"அந்தப் பட்டன் நம்ம செஞ்சதில்லலே. விளம்பரம் விக்கிற பெரிய கம்பெனிகிட்ட இருந்து வருது. பக்கம் திறந்த உடனே, இன்ன போனு இன்ன பக்கத்தைத் திறந்திருக்குன்னு அது போய் அங்க சொல்லிரும்."

"தொட்டாத்தானே சொல்லும்?"

"தொடவே வேண்டாம். டாக்டரம்மாகிட்ட ஒரு பொண்ணு சொல்லிருக்கு. உன் சைட்டை ஒரு தடவை திறந்து பாத்துச்சாம். அதுக்கப்புறம் அந்த போன்ல எதைத் திறந்தாலும் தொட்டில் விளம்பரம், கருத்தரிப்பு மாத்திரை விளம்பரம். வீட்டுக்கே ஒரு போனு. மாமியா சமையல் வீடியோ பாக்கிற போனு."

"விளம்பரம்தானே, தள்ளிவிட்டுட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

அவ என்னையே பாத்தா. "உனக்கு ஒரு தடவை எவனாவது உன் மார்க் ஷீட்டைச் சுவத்துல ஒட்டணும்லே, அப்பத்தான் தெரியும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, என் ஜீரோவையும் பிடுங்கப் பாக்கா. பட்டனே இல்லைன்னா போர்டுல என் பேரே இருக்காதுல்ல? எண்ணு ஒண்ணுதான் இருக்கும், அவ எண்ணு. அதுக்குத்தான் இந்தக் கரிசனம். நான் அப்பிடித்தான் நினைச்சேன். இப்பவும் பாதி அப்பிடித்தான் நினைக்கேன்.

ஆனா வட்டப் பட்டனை எடுத்துட்டேன். எடுத்துட்டு, நானே சொந்தமா ஒண்ணு செஞ்சேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல அண்ணாச்சி, பாலிடெக்னிக்ல இதெல்லாம் கிடையாது. கேளுங்க. ஆஸ்பத்திரி சைட்டுல எல்லாரும் தொடுற இடம் ஒண்ணே ஒண்ணுதான். கீழ பச்சையா 'டோக்கன் வாங்க'ன்னு ஒரு பட்டன். அதுக்குத்தான் எல்லாரும் வாரதே. நான் என்ன பண்ணினேன், பக்கம் திறந்து ஒண்ணரை செகண்டு கழிச்சுக் கீழ இருந்து ஒரு பட்டை மேல ஏறி வரும். அதுவும் பச்சை. நேரா வந்து டோக்கன் பட்டன் மேல உக்காந்துக்கும். டோக்கனைத் தொட வர்ற விரல் பட்டையத் தொட்டுரும். தொட்டா அந்தப் பக்கத்து லிங்க்கோட வாட்ஸப் திறக்கும்.

எங்க பக்கம் நிறைய ஆஸ்பத்திரில வாட்ஸப்லதான் டோக்கன் போடுறாங்க, உங்களுக்கே தெரியும். அதனால வாட்ஸப் திறந்தா யாரும் பதறமாட்டாங்க. இதுலதான் அனுப்பணும் போலன்னு நினைச்சு, மேல இருக்கிற பேரைத் தொட்டு அனுப்பிருவாங்க. பாதிப்பேரு சுதாரிச்சு வெளிய வந்துருவாங்க. வந்தாலும் எனக்கு ஒண்ணு ஏறிரும்.

அந்த வாரம் எனக்கு இருபத்தாறு. சார் புருவத்தைத் தூக்கினாரு. அடுத்த வாரம் நூத்திப் பதினெட்டு. அதுக்கடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னூத்தி நாப்பத்தொண்ணு, அவளுக்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டு.

"கலக்கிட்டடா காசி"ன்னு சார் முதுகுல தட்டினாரு. தட்டின இடம் ரெண்டு நாள் சூடா இருந்த மாதிரி இருந்துச்சு.

ஜெபக்கனி எந்திரிச்சா. தண்ணி பாட்டில், சார்ஜர், டிராயர்ல இருந்த வசனப் புத்தகம், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பாத்ரூம் பக்கத்துக்குப் போனா. நான் ஜன்னல் பக்கம் உக்காந்தேன். ஸ்கிரீன் ஓரத்துல அவ ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா. நகத்தால சுரண்டினேன். பாதிதான் வந்துச்சு. வேலை பாக்கும்போதெல்லாம் அந்த மீதிப் பூ கண்ணுல படும்.

அங்க உக்காந்துமே நிம்மதி இல்ல. அவ ரெண்டாம் நம்பர்ல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே வேலை பாக்கா. கஸ்டமரு என்னைத் தாண்டி அவகிட்ட போறான். "ஜெபாம்மா இருக்காங்களா?"ன்னு கேக்கான். மெஷின்தான் எனக்கு வந்துச்சு.

திங்கக்கிழமை அவளே வந்தா. "காசி, உன் எண்ணைப் பாத்தேன். தொட்டவன்ல பாதிப்பேரு மூணே செகண்டுல திரும்பி வந்து மறுபடியும் டோக்கனைத் தொடுறான். இவன் ஒருத்தனும் ஷேர் பண்ண வந்தவன் இல்லலே. கை வழுக்குனவன். பட்டையை எடு. ஏதாவது ஆயிரும்."

"உனக்கு என்ன, ஒண்ணாம் நம்பர் போயிருச்சேன்னு வயித்தெரிச்சலா?"ன்னு கேட்டேன்.

"ஆமா, பாத்ரூம் பக்கத்துல காத்து நல்லா வருது"ன்னுட்டு போயிட்டா.

மறுநாள் அந்தக்கா வந்தாங்க. சீதாலட்சுமி. நர்சரி ஸ்கூல் டீச்சர், முப்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரில விசாரிச்சு எங்க கடையைக் கண்டுபிடிச்சு வந்திருக்காங்க. "சைட்டு செஞ்சது யாரு?"ன்னு கேட்டாங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்தது நான்தானே. "நான்தான்"னு பெருமையாச் சொன்னேன். எனக்கு அடுத்த சைட்டு ஆர்டர்னு நினைப்பு.

போனை எடுத்து மேசை மேல வச்சாங்க. வாட்ஸப் குரூப்பு. அவங்க புருசன் குடும்பத்துக் குரூப்பு, அறுபத்திநாலு பேரு. வெள்ளிக்கிழமை காலைல வேல்மயில்ங்கிறவரு அனுப்பின லிங்க். வேல்மயில்தான் அவங்க புருசன். லாரி ஷெட்டுல கணக்கப்பிள்ளை. லிங்க்ல நான் வச்ச படம், நான் வச்ச தலைப்பு, பெருசா, பளிச்சுன்னு: 'ஆண்களுக்கான குழந்தையின்மை சிகிச்சை.' அதுக்குக் கீழ வரிசையா ஆளுங்க. ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான். ஒரு பெரியப்பா ஆடியோவே போட்டிருக்காரு.

"டோக்கன் போடத்தான் திறந்தாரு தம்பி. அதுபாட்டுக்கு வாட்ஸப் வந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குத்தான் போகுதுன்னு நினைச்சு மேல இருந்ததைத் தொட்டுட்டாரு. அழிக்கிறதுக்குள்ள அத்தனை பேரும் பாத்துட்டாங்க."

நான் படிச்சுப் பாத்தேன். எனக்குப் பட்டதைச் சொன்னேன். நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசுற ஆளு இல்ல. "அக்கா, இது உங்களுக்கு நல்லதுதானே? இனிமே உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?"

அந்தக்கா அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. "ஆறு வருசமா என்னைத்தான் சொன்னாங்க. எங்க மாமியா என்னைக் கூட்டிட்டுப் போகாத கோயிலு இல்ல. நாலு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், குறை அவருகிட்டன்னு. நான்தான் சொல்ல வேண்டாம்னேன். எனக்கு அது பாரமா இல்ல தம்பி. அவரு தாங்கமாட்டாரு, நான் தாங்குவேன், அவ்வளவுதான். அதைப் போய் நீ..."

முடிக்கல. முடிச்சிருந்தா நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"நாலு நாளா ஷெட்டுலயே படுத்துக்கிடக்காரு. சோறு குடுத்தனுப்பினா திரும்பி வருது. மருந்து பாதியில நிக்குது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவரு வந்தே ஆகணும், விட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவரு, அந்த ஆஸ்பத்திரி வாசலை இனிமே மிதிக்கமாட்டேங்காரு. எங்களுக்கு இதுதான் கடைசித் தடவை தம்பி. இதுக்கு மேல மனசுலயும் தெம்பு இல்ல, கையிலயும் இல்ல."

ஜெபக்கனி எப்ப எந்திரிச்சு வந்தான்னு தெரியல. பக்கத்துல நின்னு அந்தக்கா கையைப் பிடிச்சுக்கிட்டா. என் கஸ்டமரு. என்கிட்ட வந்தவங்க. "அக்கா, பட்டை தானா வந்து விரலுக்கடியில நிக்குது. யாரு போன்ல திறந்தாலும் அப்பிடித்தான். வீட்டு ஆளுங்க முன்னாடி ஒரு தடவை திறந்து காட்டிட்டா போதும். ஏதோ விளம்பரத்தைத் தள்ளிவிடப் போயி இது திறந்துருச்சு, தானாப் போயிருச்சுன்னு நீங்க சொல்லிக்கலாம். அவரு தலைநிமிந்துருவாரு."

அந்தக்கா முகம் தெளிஞ்சுச்சு பாருங்க. அப்பிடியே லைட்டு போட்ட மாதிரி. "ஆமா, ஆமாம்மா. ஞாயித்துக்கிழமை கொழுந்தன் பிள்ளைக்குக் காதுகுத்து. பத்து மணிக்கு எல்லாரும் இருப்பாங்க, சிரிச்ச அத்தனை பேரும் இருப்பாங்க. யாராவது வந்து காட்டுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க, செஞ்சவங்க வந்து சொன்னா நம்புவாங்க."

"நான் வாரேங்க்கா"ன்னா ஜெபக்கனி.

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ. "என் சைட்டு. நான்தான் போவேன். நீ ஒண்ணும் வர வேண்டாம்"னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன். உள்ள இருந்த பொன்னுராஜ் சாரே வெளிய வந்துட்டாரு.

சாருக்கு விசயத்தைச் சொன்னோம். "ஏலே, தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"ன்னு கேட்டாரு.

"டிசைன்ல ஒரு கோளாறு சார்"ன்னேன்.

ஜெபக்கனி பக்கத்துலதான் நின்னா. அவளுக்கு எல்லாம் தெரியும். காட்டிக்குடுத்திருக்கலாம், காட்டிக்குடுக்கல. அதுகூட எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. எதுக்கு என்னைவிட நல்லவளா நிக்கணும்?

சார் ரெண்டே வேலைதான் சொன்னாரு. "இப்பவே அந்தப் பட்டையை எடுத்துரு. காட்டுறதுக்கு உன் போன்ல மட்டும் ஒரு காப்பி வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை போய் அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நின்னு, தப்பு எங்களுதுன்னு சொல்லிட்டு வா."

சரின்னேன். அந்தக்கா என் கையைப் பிடிச்சு, "மறந்துராத தம்பி"ன்னாங்க. கை சில்லுன்னு இருந்துச்சு.

காப்பி எடுத்து போன்ல வச்சேன். கணக்குக்கு அடியில சின்னதா ஒரு ஷேர் பட்டன் நானே செஞ்சு வச்சுட்டு, பட்டையையும் எடுத்தேன். அதாவது, எங்க கடை நெட்டுல திறந்தா வராது. வெளிய திறந்தா வரும். அப்பிடி மாத்தி வச்சேன். பத்து வரி வேலை. ஜெபக்கனி தன் போன்ல திறந்து பாத்தா. கடை வைஃபைலதான் இருந்தா. பட்டை வரல. "நல்ல பிள்ளை"ன்னு சொல்லிட்டுப் போனா. என்னமோ எனக்குச் சோறு ஊட்டி வளத்தவ மாதிரி.

நேத்து சனிக்கிழமை. சார் போர்டுல எழுதினாரு. எனக்கு முன்னூத்திப் பதினொண்ணு. அவளுக்கு முன்னூத்தி ஆறு.

"பரவால்லையே! பட்டை இல்லாமலே! அப்ப நிஜமாவே அனுப்புறாங்கடா"ன்னு சார் சிரிக்காரு. ஜெபக்கனி சிரிக்கல. போர்டைப் பாக்கா, என்னைப் பாக்கா, போனை எடுத்துத் திறந்து பாக்கா. ஒண்ணும் இல்ல. அந்த மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. இத்தனை மாசத்துல முதல் தடவையா அவளுக்கு ஒண்ணு புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்குப் போற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் இல்ல.

இன்னைக்குக் காலைல ஒன்பதரை பஸ்சுக்கே வந்துட்டேன். போகணும்னுதான் ஏறினேன். சத்தியமா போகணும்னுதான். சலவைச் சட்டை பாருங்க. என்ன சொல்லணும்னுகூட மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். சொல்லச் சொல்ல ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. நான் போய் நிக்கிறேன், காட்டுறேன், எல்லாரும் நம்புறாங்க, அவரு தலைநிமிருறாரு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறாரு, நாளைக்கே ஒரு பிள்ளை பிறக்குதுன்னு வைங்க. அந்தக்கா யாரை நினைப்பாங்க? ஜெபக்கனியைத்தான். யோசனை அவளோடது. தப்பு மட்டும் என்னோடது. பிள்ளைக்கு அவ பேரை வச்சாலும் வைப்பாங்க. நான் தப்பு செஞ்சவன்னு அறுபத்திநாலு பேரு முன்னாடி நின்னு அவளுக்குப் பேரு வாங்கிக் குடுக்கணுமா? நீங்க குடுப்பீங்களா அண்ணாச்சி?

நான் இறங்க வேண்டியது எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பு. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி தாண்டினோமே, ரோட்டோரம் பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக் செட்டு அலறிக்கிட்டு கிடந்துச்சுல்ல? அந்த வீடுதான். அந்தக்கா ரோட்டுலயே நின்னாங்க. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, வெயிலுக்குக் கையை நெத்தில வச்சுக்கிட்டு, பஸ்சோட ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தாங்க. பந்தலுக்குள்ள கடைசி நாற்காலில ஒருத்தர் தனியா உக்காந்திருந்தாரு. தலையைக் குனிஞ்சு போனைப் பிடிச்சிருந்தாரு. அவராத்தான் இருக்கும். எப்படியோ கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்காங்க.

நான் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினேன். வாரு நல்லாத்தான் இருந்துச்சு. பஸ் கிளம்பின பிறகுதான் நிமிந்தேன். உங்ககிட்ட பேச்சுக் குடுத்ததும் அப்பத்தான்.

ஜெபக்கனி மெசேஜ் அனுப்பிருக்கா, இதோ பாருங்க. 'போயிட்டியா? காட்டிட்டியா? அக்கா போன் எடுக்க மாட்டேங்காங்க.' காட்டிட்டேன்னு போட்டுட்டேன். 'நம்பினாங்களா?'ன்னு கேக்கா. அதுக்கு இன்னும் பதில் போடல.

பட்டையும் இன்னும் சைட்டுலதான் இருக்கு. இப்ப திறந்து பாத்தேன். காலைல இருந்து இருபத்திமூணு ஏறிருக்கு.